வயதைக் கேட்டார்கள், பெயரைக் கேட்கவில்லை

புகைப்படம் எடுக்கக் கற்றுக்கொள்ள வருகிறவர்களுக்கு எல்லா ஊரிலும் ஒரே அறிவுரைதான் கிடைக்கிறது: மேதைகளின் படங்களைப் பாருங்கள். வெளிச்சம் எந்தப் பக்கமிருந்து விழுகிறது, சட்டகத்தில் எதைச் சேர்த்திருக்கிறார்கள், எதை வெட்டியிருக்கிறார்கள், எவ்வளவு அருகில் போயிருக்கிறார்கள் என்று கவனியுங்கள். நல்ல அறிவுரைதான். எந்தக் கலையையும் அப்படித்தான் கற்கிறோம்.

அந்த மேதைகளின் பட்டியலில் நீண்ட காலம் ஆண்களே இருந்தார்கள். பெண்ணிய ஆய்வாளர்கள் ஆவணக் காப்பகங்களில் தேடி, மறக்கப்பட்ட பெண்களின் பெயர்களை அதில் சேர்த்தார்கள். இன்று ஜூலியா மார்கரெட் கேமரன், டொரோத்தியா லாங், ஹோமாய் வியாரவாலா ஆகியோரை விட்டுவிட்டு யாரும் புகைப்பட வரலாறு எழுத முடியாது. இது ஒரு வெற்றி. ஆனால் பாதி வெற்றி. ஒரு பெண் இன்னொரு பெண்ணைப் படம் எடுக்கும்போது அங்கே இரண்டு பெண்கள் இருக்கிறார்கள். கேமராவுக்குப் பின்னால் நின்றவரின் பெயரை நாம் மீட்டுவிட்டோம். முன்னால் நின்றவர் யார் என்ற கேள்வி மிச்சமிருக்கிறது. அந்தக் கேள்வியோடு இந்தப் படங்களைத் திரும்பப் பார்த்தால், வெளிச்சத்தையும் சட்டகத்தையும் தாண்டிச் சில பாடங்கள் கிடைக்கின்றன.

கோழிக்கூண்டில் ஒரு ஸ்டுடியோ

ஜூலியா மார்கரெட் கேமரன் 1815இல் கல்கத்தாவில் பிறந்தவர். தந்தை கிழக்கிந்தியக் கம்பெனி அதிகாரி. 1838இல் சார்ல்ஸ் ஹே கேமரன் என்ற சட்ட அறிஞரை மணந்தார். இலங்கை வரலாறு படித்தவர்களுக்கு அந்தப் பெயர் தெரிந்திருக்கும். இலங்கையின் ஆட்சிமுறையையும் நீதிமுறையையும் மாற்றியமைத்த கோல்புரூக் - கேமரன் ஆணைக்குழுவின் கேமரன் இவர்தான். அரசருக்கும் அரசுக்கும் கட்டாயமாக உழைக்க வேண்டியிருந்த ராஜகாரிய முறை அந்தச் சீர்திருத்தங்களில்தான் ஒழிக்கப்பட்டது. அவரே இலங்கையில் நிலங்களை வாங்கி, காப்பித் தோட்ட முதலாளியும் ஆனார். பின்னாளில் இங்கிலாந்தின் வைட் தீவில் இந்தத் தம்பதி குடியிருந்த வீட்டுக்கு, இலங்கைத் தோட்டத்தின் நினைவாக 'டிம்போலா' என்று பெயர் வைத்தார்கள். காப்பி விளைச்சல் பணமும் அந்த வீட்டுக்கு வந்துகொண்டிருந்தது.

1863 டிசம்பரில் ஜூலியாவின் மகளும் மருமகனும் அவருக்கு ஒரு கேமராவைப் பரிசளித்தார்கள். அப்போது அவருக்கு வயது 48. ஆறு பிள்ளைகளைப் பெற்றவர். விக்டோரியா காலத்துக் கணக்கில் கிழவி. அவர் கோழிக்கூண்டைக் கண்ணாடி ஸ்டுடியோ ஆக்கினார். நிலக்கரி போட்டு வைக்கும் அறையை இருட்டறை ஆக்கினார். அந்தக் காலத்துப் புகைப்படம் கடுமையான உடல் உழைப்பு. கண்ணாடித் தகட்டில் ரசாயனத்தைப் பூசி, அது ஈரமாக இருக்கும்போதே படமெடுத்து, காய்வதற்குள் கழுவிவிட வேண்டும். வெள்ளி நைட்ரேட் பட்டுக் கைகள் கறுக்கும். எதிரே உட்காருகிறவர் நிமிடக் கணக்கில் அசையாமல் இருக்க வேண்டும்.

அவருடைய படங்களில் ஃபோகஸ் மங்கலாக இருந்தது. தகட்டில் கீறல்களும் கைரேகையும் தெரிந்தன. புகைப்படச் சங்கத்து ஆண்கள் கேலி செய்தார்கள். கருவியைக் கையாளத் தெரியாத பெண்மணி என்றார்கள். அவர் மாற்றிக்கொள்ளவில்லை. முகத்துக்கு மிக அருகே போய், மென்மையான வெளிச்சத்தில், ஒரு மனிதரின் உள்ளிருப்பது வெளியே தெரியும்வரை காத்திருந்தார். டென்னிசன், டார்வின், கார்லைல், ஹெர்ஷல் ஆகியோரின் முகங்களை இன்று நாம் நினைவில் வைத்திருப்பதற்கு அவருடைய படங்களும் காரணம்.

தன் வேலையைப் பொழுதுபோக்காக அவர் ஒருபோதும் நடத்தவில்லை. 1862இன் பதிப்புரிமைச் சட்டத்தின் கீழ் 500க்கும் மேற்பட்ட படங்களைப் பதிவு செய்தார். பிரிண்ட்களின் அடியில் தன் பெயரைக் கையால் எழுதினார். கண்காட்சி வைத்தார், விற்றார், அருங்காட்சியகத்துக்கு அனுப்பினார். பெண்ணின் வேலைக்குப் பெயரே இல்லாத காலத்தில் தன் பெயரை விடாமல் எழுதிய பெண் அவர். இன்று படம் எடுக்கிற பெண்கள் இதைக் கட்டாயம் கற்றுக்கொள்ள வேண்டும். வயதைக் காரணம் காட்டாதே. கேலிக்காகப் பார்வையை மாற்றாதே. செய்த வேலையில் பெயரை எழுது.

பெயர்களின் படிக்கட்டு

இப்போது அந்தப் படங்களின் தலைப்புகளை மட்டும் வரிசையாக வைத்துப் பார்ப்போம்.

ஆண்களின் படங்களுக்குப் பெரும்பாலும் அவரவர் பெயரே தலைப்பு. டார்வின் என்றால் டார்வின். மேல்தட்டுப் பெண்கள் வரும்போது மாறுகிறது. கேமரன் மிக அதிகமாகப் படமெடுத்த பெண்களில் ஒருவர் அவருடைய சகோதரியின் மகள் ஜூலியா ஜாக்சன். எழுத்தாளர் வர்ஜீனியா வுல்ஃபின் தாய். 1867இல் அவருக்குத் திருமணம் ஆனது. அதன்பின் அதே முகம் 'திருமதி ஹெர்பர்ட் டக்வொர்த்' என்ற தலைப்போடு வருகிறது. முகம் அவருடையது, பெயர் கணவருடையது.

இன்னொரு படி கீழே இறங்கினால் வீட்டுப் பணிப்பெண்கள். மேரி ஹில்லியர் அந்த வீட்டில் வேலை செய்தவர். கேமரனின் கேமரா முன் அவர் மடோனா ஆனார், சாஃபோ ஆனார். குழந்தை ஏசுவை ஏந்திய மரியாளாக அவர் நிற்கும் படங்கள் பல. சமையலறைக்கும் ஸ்டுடியோவுக்கும் இடையே அவர் ஓடிக்கொண்டிருந்திருக்க வேண்டும். மேரி ரயனின் கதை இன்னும் வியப்பானது. அயர்லாந்திலிருந்து வந்து, தெருவில் தாயுடன் பிச்சை கேட்ட சிறுமியை வீட்டில் சேர்த்துக்கொண்ட கேமரன், படிப்பும் வேலையும் கொடுத்து, தன் மாடலாகவும் ஆக்கினார். கண்காட்சியில் அவருடைய படத்தைப் பார்த்து மனம் பறிகொடுத்த ஹென்றி காட்டன் 1867இல் அவரை மணந்தார். இந்தியாவில் அதிகாரியாகப் பணிபுரிந்து, பின்னர் 1904இல் இந்திய தேசிய காங்கிரஸின் தலைவரான அதே ஹென்றி காட்டன்தான். பணிப்பெண்ணின் படத்துக்குப் புராணப் பெயர்தான் தலைப்பு. ஆனாலும் அவர்கள் யார் என்று நமக்குத் தெரிகிறது. கேமரன் தம் குறிப்புகளில் அவர்களைப் பற்றி எழுதியிருக்கிறார். அவர்கள் அந்த வீட்டின் கதைக்குள் இருந்தார்கள்.

கேமரன் இறந்து பல ஆண்டுகளுக்குப் பின், 1926இல், வர்ஜீனியா வுல்ஃபும் அவருடைய கணவரும் நடத்திய ஹோகார்த் பதிப்பகம் கேமரனின் படத்தொகுப்பு ஒன்றை வெளியிட்டது. வுல்ஃப் அதற்கு முன்னுரை எழுதினார். அந்த நூலின் தலைப்பைத் தமிழில் சொன்னால், 'புகழ்பெற்ற ஆண்கள், அழகிய பெண்கள் ஆகியோரின் விக்டோரியா காலப் புகைப்படங்கள்'. ஆணுக்குப் புகழ், பெண்ணுக்கு அழகு. ஒருவருக்குப் பெயர், இன்னொருவருக்கு முகம்.

அந்தப் படிக்கட்டின் கடைசிப் படி இங்கிலாந்தில் இல்லை. இலங்கையில் இருக்கிறது.

களுத்துறையில் எடுத்த படங்கள்

1869இல் இலங்கைக் காப்பிச் செடிகளில் இலைத்துரு நோய் தோன்றியது. தோட்ட வருமானம் சரியத் தொடங்கியது. கணவருக்கோ இலங்கையில் வாழவே ஆசை. 1875இல் கேமரன் தம்பதி இலங்கைக்குப் போனார்கள். இறந்தால் என்ன செய்வது என்று இரண்டு சவப்பெட்டிகளையும் கப்பலில் ஏற்றிச் சென்றார்கள் என்பது அடிக்கடி சொல்லப்படும் கதை.

அதே ஆண்டுகளில் இன்னொரு கூட்டமும் இலங்கைக்குப் போய்க்கொண்டிருந்தது. 1876இல் சென்னை மாகாணத்தைத் தாது வருஷப் பஞ்சம் பிடித்தது. ஏற்கெனவே பல பத்தாண்டுகளாகத் தமிழகத்திலிருந்து கங்காணிகளின் பின்னால் காப்பித் தோட்டங்களுக்குப் போய்க்கொண்டிருந்த கூட்டம் பஞ்சத்தில் பெருகியது. தோணியில் மன்னார்க் கரையில் இறங்கி, காட்டு வழியே மாத்தளைக்கும் கண்டிக்கும் நடந்தார்கள். வாந்திபேதியிலும் பசியிலும் வழியிலேயே செத்தவர்கள் பலர். டிம்போலா வீட்டுக்கு வந்த பணம் இவர்களும் இவர்களுக்கு முன் வந்தவர்களும் உழைத்த உழைப்பிலிருந்து வந்தது.

இலங்கையிலும் கேமரன் படமெடுத்தார். அவற்றில் எஞ்சியிருப்பவை முப்பதுக்கும் குறைவு. தோட்டத் தொழிலாளர்கள், வீட்டு வேலைக்காரர்கள், ஊர் மக்கள் என்று தன்னைச் சுற்றியிருந்தவர்களை எடுத்தார். இங்கிலாந்தில் முகத்துக்கு அருகே போன கேமரா இங்கே பெரும்பாலும் சற்றுத் தள்ளியே நிற்கிறது. தலைப்புகளும் மாறிவிட்டன. 'இளம்பெண், இலங்கை' என்கிற மாதிரி. மடோனா இல்லை, சாஃபோ இல்லை, மேரியும் இல்லை.

1878இல் எடுத்த ஒரு படத்தின் கீழே நீளமான குறிப்பு இருக்கிறது. களுத்துறைக் குடியானவர்கள் என்று தொடங்குகிறது. அந்தப் பெண்ணுக்கு 12 வயது என்றும், கிழவர் தன்னை அவளுடைய தந்தை என்று சொல்வதாகவும், தனக்கு நூறு வயது என்று அவர் கூறுவதாகவும் சொல்கிறது. இந்தக் குறிப்பு எழுதப்பட வேண்டுமென்றால் ஒரு பேச்சு நடந்திருக்க வேண்டும். மொழிபெயர்த்துச் சொல்ல ஒருவர் இருந்திருக்க வேண்டும். உனக்கு எத்தனை வயது, இவள் உனக்கு என்ன உறவு என்றெல்லாம் கேட்டிருக்கிறார்கள். கிழவர் பதில் சொல்லியிருக்கிறார். 'சொல்கிறார்', 'கூறுகிறார்' என்று எழுதியதில், நம்பவில்லை என்ற தொனியும் இருக்கிறது. பெயர் மட்டும் குறிப்பில் இல்லை. அந்தச் சிறுமி எதுவும் சொன்னதாகவும் இல்லை.

அதே காலத்தில் ஓவியர் மரியான் நார்த் களுத்துறைக்கு வந்து கேமரனோடு தங்கினார். தன் நினைவுக் குறிப்புகளில் அவர் ஒரு சம்பவத்தைச் சொல்கிறார். உள்ளூர் ஆள் ஒருவருடைய முதுகின் அழகில் கேமரன் சொக்கிப்போனாராம். அவரைத் தோட்டக்காரராக வேலைக்கு வைத்துக்கொள்ளும்படி மகனிடம் பிடிவாதம் பிடித்தாராம். வீட்டில் தோட்டமே இல்லை. தோட்டக்காரர் என்றால் என்ன என்று அந்த ஆளுக்கும் தெரியாதாம். நார்த் இதை வேடிக்கையாகச் சொல்கிறார். நமக்கு அந்த முதுகு மட்டும் மிச்சமிருக்கிறது.

மலையகத் தமிழில் 'பேர்' என்ற சொல்லுக்கு இன்னொரு பொருள் உண்டு. தோட்டத்தில் ஒருவருக்குப் 'பேர் போடுவது' என்றால் அன்றைய நாள் சம்பளம் செக்ரோலில் ஏறுவது. கொழுந்து நிறை குறைந்தால் 'அரைப்பேர்'. அரைநாள் கூலி. தேயிலைக் காலத்தில் வேரூன்றிய பேச்சு இது. மலையேறிக் கொழுந்து பறித்த பெண்கள் தலைமுறை தலைமுறையாகத் தங்கள் பேரை இப்படி நாள்தோறும் உழைத்துத்தான் வாங்கினார்கள். கூலிக் கணக்குக்குத் தேவைப்பட்ட பெயர், படத்துக்குத் தேவைப்படவில்லை.

கேமரன் 1879 ஜனவரியில் திக்கோயாவில் இறந்தார். பொகவந்தலாவையில் தேயிலை மலைகளுக்கு நடுவே உள்ள தேவாலயத்தில் புதைக்கப்பட்டார். அவருடைய கல்லறையில் பெயர் இருக்கிறது.

பத்து நிமிடம்

அறுபது ஆண்டு கழித்து, அமெரிக்காவில். இது வேறு மாதிரியான கேமராக்காரர், வேறு மாதிரியான அரசியல்.

டொரோத்தியா லாங் பணக்காரர்களைப் படமெடுக்கும் ஸ்டுடியோவை சான் பிரான்சிஸ்கோவில் நடத்தி வந்தவர். ஏழு வயதில் வந்த இளம்பிள்ளை வாதத்தால் வாழ்நாள் முழுக்கச் சாய்ந்து நடந்தவர். பொருளாதார மந்தத்தில் வேலையிழந்தவர்கள் ரொட்டிக்கு வரிசையில் நிற்பதைப் பார்த்து ஸ்டுடியோவை விட்டுத் தெருவுக்கு வந்தார். 1935 முதல் அரசின் கிராம மீள்குடியேற்றத் துறைக்காகப் படமெடுத்தார்.

1936 மார்ச். ஒரு மாதப் பயணத்தை முடித்து மழையில் காரில் வீடு திரும்பிக்கொண்டிருந்தார். கலிஃபோர்னியாவின் நிப்போமோ அருகே, பட்டாணி பறிக்கிறவர்களின் முகாம் என்று ஒரு பலகை. கடந்து போய்விட்டார். இருபது மைல் போன பிறகு மனம் கேட்காமல் திரும்பி வந்தார். விளைச்சல் பாழாகி வேலை இல்லாமல் கிடந்த முகாமில், கித்தான் கூடாரத்தில், பிள்ளைகளோடு ஒரு தாய். பத்தே நிமிடம். ஒவ்வொரு படத்துக்கும் சற்று அருகே போனார். கடைசிப் படத்தில் இரண்டு பிள்ளைகள் முகத்தைத் திருப்பித் தாயின் தோளில் புதைத்திருக்கிறார்கள். மடியில் கைக்குழந்தை. தாய் கன்னத்தில் விரல்களை வைத்துத் தொலைவில் எதையோ பார்க்கிறார். 'புலம்பெயர் தாய்' என்று உலகம் அறிந்த படம் இதுதான்.

சான் பிரான்சிஸ்கோ செய்தித்தாளில் படங்கள் வெளியானதும் அந்த முகாமுக்கு 20,000 பவுண்டு உணவு அனுப்பப்பட்டது. படத்தின் வெற்றி என்று இதைச் சொல்வார்கள். உணவு வந்து சேர்ந்தபோது அந்தத் தாயும் பிள்ளைகளும் வேறு ஊருக்கு வேலை தேடிப் போய்விட்டிருந்தார்கள்.

1960இல் லாங் அந்த நாளை நினைவுகூர்ந்து ஒரு கட்டுரை எழுதினார். அவளுடைய பெயரையோ கதையையோ தான் கேட்கவில்லை என்று அதில் அவரே சொல்கிறார். தனக்கு 32 வயது என்று அந்தத் தாய் சொன்னாராம். மீண்டும் வயது. படத்தின் அதிகாரபூர்வக் குறிப்பிலும் அதுதான்: வறிய பட்டாணி பறிப்பவர், ஏழு பிள்ளைகளின் தாய், வயது 32.

லாங்கை அலட்சியக்காரர் என்று சொல்ல முடியாது. படமெடுத்த மக்கள் சொன்னதைக் குறிப்பேட்டில் எழுதி வைப்பதில் அவர் பேர்போனவர். கணவர் பால் டெய்லரோடு சேர்ந்து 1939இல் வெளியிட்ட நூலில் அந்த மக்களின் வார்த்தைகளையே படங்களோடு அச்சிட்டார். 1942இல் ஜப்பானிய அமெரிக்கர்களை முகாம்களில் அடைத்ததை அவர் எடுத்த படங்களை ராணுவம் வெளியே வராமல் வைத்திருந்தது. அவ்வளவு கேட்டு எழுதியவர், அந்தப் பத்து நிமிடத்தில் கேட்கவில்லை. நல்லெண்ணம் மட்டும் போதாது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை.

அந்தப் பெண் புளோரன்ஸ் ஓவன்ஸ் தாம்சன். 42 ஆண்டுகள் கழித்து, 1978இல், கலிஃபோர்னியாவின் மொடெஸ்டோவில் ஒரு நடமாடும் வீட்டில் வாழ்ந்துகொண்டிருந்த அவரை உள்ளூர்ச் செய்தியாளர் கண்டுபிடித்தார். அப்போதுதான் உலகம் சில விஷயங்களைத் தெரிந்துகொண்டது. அமெரிக்க வெள்ளைக்காரத் தாயின் சின்னமாகப் பார்க்கப்பட்ட அவர் செரோக்கி பழங்குடிப் பெண். வயலில், மருத்துவமனையில், மதுக்கடையில், சமையற்கட்டில் உழைத்துப் பிள்ளைகளை வளர்த்தவர். அந்தப் படத்தை எடுக்காமலே இருந்திருக்கலாம் என்று அவர் சொன்னார். லாங் தன் பெயரைக் கேட்கவில்லை, படத்தை விற்கமாட்டேன் என்றார், ஒரு பிரதி அனுப்புகிறேன் என்றார், அனுப்பவில்லை என்றார். உணவுக்காகக் காரின் டயர்களை விற்றுவிட்டாள் என்று லாங் எழுதியதையும் குடும்பம் மறுத்தது. விற்பதற்கு அவர்களிடம் டயரே இல்லையாம்.

அரசு வேலையாக எடுத்ததால் லாங்குக்கும் அந்தப் படத்திலிருந்து உரிமைத்தொகை கிடைக்கவில்லை. ஆனால் புகழ் கிடைத்தது. தாம்சனுக்கு எதுவுமில்லை. 1983இல் அவர் நோயில் விழுந்தபோது, சிகிச்சைக்கு வழியில்லாமல் குடும்பம் பொதுமக்களிடம் உதவி கேட்க வேண்டியிருந்தது. படத்தால் நெகிழ்ந்தவர்கள் 30,000 டாலருக்கு மேல் அனுப்பினார்கள். அந்த ஆண்டு செப்டம்பரில் அவர் இறந்தார். 1998இல் அந்தப் படத்தின் ஒரு பழைய பிரிண்ட் 2,44,500 டாலருக்கு ஏலம் போனது. அவருடைய கல்லறையில் அவர் பெயரோடு படத்தின் பெயரும் பொறிக்கப்பட்டிருக்கிறது.

தோழி எடுத்த படம்

பெயர் காணாமல் போவது கேமராவுக்கு முன்னால் மட்டும் நடப்பதில்லை. இந்தியாவின் முதல் பெண் பத்திரிகைப் புகைப்படக்காரர் என்று அறியப்படும் ஹோமாய் வியாரவாலாவின் ஆரம்பகாலப் படங்கள் அவருடைய கணவர் மானெக்ஷாவின் பெயரில்தான் வெளியாயின. அறியப்படாத பெண்ணின் பெயரைவிட அது எடுபட்டது. பின்னாளில் 'டால்டா 13' என்ற புனைபெயர் வைத்துக்கொண்டார். அது அவருடைய காரின் எண்ணிலிருந்து பிறந்தது. இந்தியப் பிரிவினைத் திட்டத்தைத் தலைவர்கள் ஏற்ற 1947 ஜூன் கூட்டத்தைப் படமெடுத்தவர் அவர். 2011இல் பத்ம விபூஷண் வந்தபோது அவருக்கு வயது 97.

நேரு, மவுண்ட்பேட்டன் படங்களைத்தான் எல்லோரும் காட்டுவார்கள். எனக்கு அவருடைய ஆரம்பகாலப் படங்கள்தான் முக்கியம். பம்பாயின் ஜே.ஜே. கலைப்பள்ளியில் படித்த நாட்களில் உடன் படித்த தோழி ரெஹானா மொகுலை அவர் பல படங்கள் எடுத்தார். அந்தப் படங்களில் ரெஹானா யாருக்கும் தாயாகவோ, தெய்வமாகவோ, வறுமையின் சின்னமாகவோ நிற்கவில்லை. தனக்குப் பிடித்த மாதிரி இருக்கிற இளம்பெண். படத்தின் தலைப்பிலும் ரெஹானா மொகுல் என்றே இருக்கிறது. எடுத்தவருக்கு அந்தப் பெயரைக் கேட்க வேண்டிய அவசியமே இருக்கவில்லை. இருவரும் ஒரே வகுப்பில் உட்கார்ந்தவர்கள்.

கேமரனுக்கும் களுத்துறைச் சிறுமிக்கும் இடையே முதலாளித்துவமும் காலனியமும் நின்றன. லாங்குக்கும் தாம்சனுக்கும் இடையே ஓர் அரசுத் துறையும் ஒரு காரும் நின்றன. பெண் என்ற ஒற்றுமை அந்த இடைவெளியைத் தானாகத் தாண்டிவிடவில்லை. கேட்டுத்தான் தாண்ட வேண்டும்.

நாம் கற்க வேண்டியது

பெயர் தெரிந்தால் அச்சிட்டே ஆக வேண்டும் என்று நான் சொல்லவில்லை. தாம்சனின் பிள்ளைகள் அந்தப் படத்தால் வெட்கப்பட்டார்கள். அந்தச் சிறுமியர் நாங்கள்தான் என்று வெளியே தெரிவதை விரும்பவில்லை. முகமும் பெயரும் வெளியே போனால் ஒரு பெண்ணுக்கு என்னென்ன நடக்கும் என்று இணையக் காலத்தில் வாழும் நமக்குச் சொல்லத் தேவையில்லை. பெயர் வேண்டாம் என்று சொல்லும் உரிமையும் அவளுடையதுதான். ஆனால் கேட்டால்தான் வேண்டாம் என்று சொல்ல முடியும்.

இன்று நம் கண்காட்சிகளிலும் போட்டிகளிலும் தொங்குகிற படங்களைப் பாருங்கள். நாற்று நடும் பெண்கள், கருவாடு காயவைக்கும் பாட்டி, செங்கல் சுமக்கும் தாய். வெளிச்சம் அற்புதமாக இருக்கும். தலைப்பு 'உழைப்பு' என்றோ 'சுருக்கங்கள்' என்றோ இருக்கும். எடுத்தவர் பெயர் பெரிதாக இருக்கும். சமயத்தில் அந்தப் பாட்டியின் வயதும் இருக்கும். எடுக்கிறவர்களில் இப்போது பெண்களும் நிறைய. நானும் அப்படிச் சில படங்கள் எடுத்திருக்கிறேன். அவர்களில் ஒருவருக்கும் நான் பிரதி கொடுக்கவில்லை. கைப்பேசியில் ஒரு நொடியில் அனுப்பிவிடலாம் என்ற காலத்திலும் கொடுக்கவில்லை.

மேதைகளிடம் கற்போம். கேமரனிடம் துணிவை, லாங்கிடம் திரும்பி வந்து பார்க்கும் மனத்தை, ஹோமாயிடம் தோழமையை. அவர்கள் செய்யாமல் விட்டதையும் கற்போம். படமெடுப்பதற்கு முன் உங்கள் பெயர் என்ன என்று கேட்பது. இந்தப் படம் எங்கே போகும் என்று சொல்வது. வேண்டாம் என்றால் கேமராவை இறக்குவது. பெயரை எழுதலாமா என்று கேட்டு, சரி என்றால் அவர் சொன்னபடியே எழுதுவது. அனுப்புகிறேன் என்று சொன்ன பிரதியை அனுப்புவது.

களுத்துறைச் சிறுமிக்கு 1878இல் 12 வயது. அவளுக்கு ஒரு பெயர் இருந்தது. வீட்டில் அதைச் சொல்லித்தான் கூப்பிட்டிருப்பார்கள்.